இரும்புக்கும் உண்டு பாடபேதம்

(இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கப் பாடலும் சிறுகதையும் பேசிப் பழகிய இந்த அவையில் பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பத்து ஆண்டுகளாக நாம் இங்கே திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. பழையது ஒன்று சிதைந்து நம் கைக்கு வந்து சேரும்போது அதை என்ன செய்வது? செப்பம் செய்வதா, அப்படியே காப்பதா? செப்பம் செய்தால் எதுவரை? ஏட்டுச்சுவடியைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்வியை மிச்சிகன் மாநிலத்துக் கொட்டகைகளில் இரும்பை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் நமக்கும் பயன்படலாம் என்பதாலேயே இதைப் பேச முன்வந்தேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ‘மசில் கார்’ என்று ஒருவகை வண்டியைச் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தசை வண்டி’ என்றால் நகைப்புக்கிடமாகும். ஆகவே அச்சொல்லையே வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத ஒரு வண்டிக்குள் பெரிய வண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பது மசில் கார். இதன் தொடக்கம் பெரும்பாலோரால் 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து கணக்கிடப்படுகிறது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே விதி வகுத்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் வண்டியில் ஏற்றினார்கள். அதைப் புதிய வண்டி என்று அறிவிக்காமல், விரும்புவோர் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் ஓர் இணைப்பு என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விதி புதிய வண்டிகளுக்குத்தானே, இணைப்புகளுக்கு இல்லையே! 5,000 வண்டிகளுக்கு மேல் போகாது என்று விற்பனைத் துறை தயங்கியது. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன. 1966இல் அந்த எண்ணிக்கை 96,946 ஆயிற்று.

பிறகு போட்டி தொடங்கியது. ஃபோர்டு, டாட்ஜ், பிளிமத், செவ்ரோலெட் எல்லாம் களத்தில் இறங்கின. 1970இல் செவெல் வண்டியின் 454 கன அங்குல எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்று அச்சிட்டார்கள். அந்தக் காலத்துக் குதிரைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. காற்று வடிகட்டி, புகைக்குழாய் முதலிய சுமைகள் எதுவுமின்றி எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்த கணக்கு அது. 1972ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளந்து சொல்லும் வழக்கம் வந்தபோது, பல குதிரைகள் ஏட்டிலிருந்து ஓடிப்போயின.

முடிவும் விரைந்தே வந்தது. 1966இல் வண்டிப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டமும், 1970இல் தூய காற்றுச் சட்டமும் நிறைவேறின. இளைஞர்கள் ஓட்டும் வேக வண்டிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கேற்ப 1971இல் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1974ஆம் ஆண்டு வண்டியோடு ஜி.டி.ஓ.வின் முதற்காலம் முடிந்தது. ஆக, நாம் பேசுவது ஏறத்தாழப் பத்தே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மரபைப் பற்றி. அதைக் காக்கும் பணியோ ஐம்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது.

இனி, செப்பம் செய்யும் முறைக்கு வருகிறேன். என்னிடம் 1966ஆம் ஆண்டு ஜி.டி.ஓ. ஒன்று இருக்கிறது, கைகளை அழுக்காக்கிக்கொண்டு அறிந்தவற்றையே சொல்கிறேன். பழைய வண்டியை வாங்கச் செல்பவர் முதலில் எடுத்துச்செல்வது ஒரு காந்தத் துண்டு. தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும்; பட்டி பூசி மெழுகிய இடத்தில் ஒட்டாது. மிச்சிகனில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு பின்சக்கரங்களுக்கு மேலுள்ள தகட்டையும், டிக்கியின் தளத்தையும், பின்கண்ணாடியின் கீழ்விளிம்பையும் தின்றுவிடும். மேலே பளபளக்கும் வண்ணம் ஓர் உரையாசிரியரின் சாமர்த்தியம் போன்றது. அடியில் மூலம் இருக்கிறதா என்பதைக் காந்தம்தான் சொல்லும்.

முழுமையாகச் செப்பம் செய்வதென்றால் உடற்கூட்டைச் சேசிஸிலிருந்து தூக்கித் தனியே வைக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் சிறு பையிலிட்டு, எங்கிருந்து கழற்றியது என்று எழுதி ஒட்ட வேண்டும். கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். துருவை நீக்க மணலை வேகமாகப் பாய்ச்சினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும்; ஆகவே பரந்த தகடுகளுக்கு மென்மையான வழியைத் தேட வேண்டும். துருப்பிடித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் ஊதித் துடைக்கக் கூடாது. டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசுவது கடைசிக் கட்டம். காண்போர் கண்ணில் படுவது அந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. செலவோ பெரும்பாலும் வண்டியின் விலையை மிஞ்சிவிடும். இலாபம் கருதி இத்தொழிலில் இறங்குபவர், கவிதை எழுதி வீடு கட்ட நினைப்பவருக்கு உறவுக்காரர்.

அடுத்து வருவது மெய்மை பற்றிய கேள்வி. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஜி.டி.ஓ. ஓர் இணைப்பாகவே விற்கப்பட்டது என்றேன் அல்லவா? அதனால் அந்த இரண்டு ஆண்டு வண்டிகளின் அடையாள எண்ணைப் பார்த்து அது ஜி.டி.ஓ.வா, சாதாரண லெமான்ஸா என்று சொல்ல முடியாது. 1966இல் தனி வரிசையாக ஆன பிறகுதான் அடையாள எண் 242 என்று தொடங்கித் தன் குலத்தைச் சொல்கிறது. இந்த இடைவெளியில் போலிகள் புகுந்தன. சாதாரண வண்டியில் பெயர்ப்பட்டையை ஒட்டி, எஞ்சினை மாற்றி, ஜி.டி.ஓ. என்று விற்றவர்கள் பலர். எஞ்சினில் பொறித்த எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் பொறித்தவர்களும் உண்டு. இடைச்செருகல் இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று, அன்பர்களே!

போலியைக் கண்டறிய இவர்களும் நம் பதிப்பாசிரியர்களைப் போலவே பழைய ஏடுகளைத் தேடுகிறார்கள். பான்டியாக் வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பதிவுகளின் படிகளைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். கிறைஸ்லர் வண்டிகளில், உற்பத்தி வரிசையில் பயன்படுத்திய உத்தரவுத் தாள் சில வேளைகளில் இருக்கையின் சுருள்கம்பிகளுக்கிடையே அகப்படும். வண்டியைக் கட்டியபோது எவரோ செருகி மறந்த அத்தாள், பரணில் கிடைத்த சுவடியைப்போல் போற்றப்படுகிறது.

ஆனால் மூலத்தைத் தேடும் ஆர்வம் ஒரு விசித்திரமான எல்லைக்கும் செல்கிறது. தொழிலாளி அவசரத்தில் வழியவிட்ட வண்ணத்தையும், சோதனையாளர் மெழுகுக்கோலால் இட்ட குறியையும் அப்படியே போலச் செய்கிறார்கள். மறுபுறம், கதவுக்கும் உடற்கூட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தொழிற்சாலை ஒருபோதும் எட்டாத அளவுக்குச் சீராக்குகிறார்கள். ஒரே வண்டியில் பிழையும் செயற்கை, செம்மையும் செயற்கை. அது 1966ஆம் ஆண்டு வண்டியன்று. 1966ஐப் பற்றி நாம் காண விரும்பும் கனவு.

இதற்கு மறுதலையாக ஒரு வரலாறு இருக்கிறது. 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்குவீன் சான்பிரான்சிஸ்கோவின் மேடுபள்ளங்களில் ஓட்டிய பச்சை மஸ்டாங்கைப் பலர் அறிவீர்கள். அதை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டு வேலைகளுக்கான சாதாரண வண்டியாகவே அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 1977இல் மக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் விற்கவில்லை. பல்லாண்டு மறைந்திருந்த வண்டி 2018 ஜனவரியில் டெட்ராயிட் கண்காட்சியில் வெளிப்பட்டது. அதற்குப் புது வண்ணம் பூசவில்லை. படப்பிடிப்பின்போது கேமரா பொருத்தப் பற்றவைத்த தாங்கிகள்கூட அடிப்பகுதியில் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் நடந்த ஏலத்தில், ஏலக் கழிவு நீங்கலாக, அது 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. யாரேனும் அன்போடு அதைப் ‘புதுப்பித்து’ இருந்தால் அந்தத் தாங்கிகளை வெட்டி எறிந்து, தழும்புகளை மெழுகி, வரலாற்றையே துடைத்திருப்பார்கள். அதன் மதிப்பெல்லாம் கைவைக்காமல் விட்ட இடங்களில்தான் இருந்தது.

அப்படியானால் எதையும் தொடாமல் விடுவதே அறமா? அதுவும் இல்லை. என் வண்டியின் பிரேக்கை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1966ஆம் ஆண்டு வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் பிடியிழக்கும். ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ள வண்டி அது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை கொண்ட சிலிண்டர் அடுத்த ஆண்டு வண்டிகளில் வந்துவிட்டது. நான் அந்த இரட்டை அறைச் சிலிண்டரையே பொருத்தினேன். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு என் மூலபாடப் பற்றினால் யாதொரு பயனுமில்லை.

எஞ்சினிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு அமரும் விளிம்பு தேயாமல் காத்தது. அதே ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996 ஜனவரி முதல் நாளோடு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆகவே சிலிண்டர் தலையில் கடினப்படுத்திய உலோக வளையங்களைப் பதித்தேன். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைச் சிதைப்பதால் அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றாமல் விட்டது ஒன்றும் உண்டு. இந்த வண்டியைப் புதிதாக வாங்கி, முதுமை வரை வைத்திருந்து எனக்கு விற்றவர், ஒரு வண்டித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓட்டுநர் பக்கக் கதவில் கைவைக்கும் இடம் அவருடைய முழங்கையால் தேய்ந்து குழிந்திருக்கிறது. புதியது விலைக்குக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. “அதை மாற்றிவிடு தம்பி, அசிங்கமாக இருக்கிறது” என்ற பொருள்பட அவரே சொன்னார். நான் மாற்றவில்லை. அவர் மறைந்துவிட்டார். தொழிற்சாலை செய்த வண்டியை ஒரு மனிதர் தம் வண்டியாக்கிக்கொண்டதற்குச் சான்றாக இருப்பது அந்தக் குழிவு ஒன்றுதான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். இந்த வண்டிகளைப் போற்றும் கூட்டங்கள் எஞ்சினைப் பாடுகின்றன, வேகத்தைப் பாடுகின்றன, ஏல விலையைப் பாடுகின்றன. கட்டியவர்களைப் பாடுவதில்லை. 1971ஆம் ஆண்டின் ஹெமி எஞ்சின் பொருத்திய திறந்த கூரை பிளிமத் குடா ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்வகை வண்டிகள் பிறந்த இடம் டெட்ராயிட்டை அடுத்த ஹாம்டிராமிக்கில் இருந்த ‘டாட்ஜ் மெயின்’ தொழிற்சாலை. 1968இல் அங்கிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள், நிர்வாகத்தின் பாகுபாட்டையும் தம் சங்கத்தின் பாராமுகத்தையும் எதிர்த்துத் தனி இயக்கம் கண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் டெட்ராயிட் நகரம் எரிந்தது. 43 பேர் மாண்டார்கள். 1970இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவையெல்லாம் மசில் கார்களின் பொற்காலம் என்று சொல்லப்படும் அதே ஆண்டுகள். டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. பான்டியாக் என்னும் பெயரையே கைவிடுவதென்று 2009இல் முடிவு செய்தார்கள். வண்டி கோடிக்கணக்கில் விலைபோகிறது. அதைப் பெற்ற தொழிற்கூடத்தின் செங்கல்கூட எஞ்சவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராயிட்டின் வுட்வர்ட் நெடுஞ்சாலையில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு நடக்கிறது. 1995இல் தொடங்கிய விழா அது. வெளியூரார் வண்டிகளைப் பார்ப்பார்கள். உள்ளூர் முதியோர் சிலர் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “அந்த வண்டிக்குக் கதவு மாட்டியது நாங்கள்தான்” என்பார். எந்த ஏலப் பட்டியலிலும் இல்லாத பதிப்புரை அது.

ஆகவே, பழையதைச் செப்பம் செய்வோர்க்கு என் அனுபவத்தில் நான் கண்ட நெறிகள் மூன்று. உயிர் காக்க வேண்டிய இடத்தில் தயங்காமல் மாற்றுக. மாற்றியதை மறைக்காமல் எழுதிவைத்து, கழற்றிய பழைய உறுப்பையும் எறியாமல் காத்துவைக்க. மனிதக் கை பட்ட தேய்மானத்தை அழுக்கு என்று எண்ணித் துடைக்காதிருக்க. என் வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எந்தெந்த உறுப்பு எந்த நாளில் ஏன் மாற்றப்பட்டது என்பதோடு, அதை முதலில் வாங்கிய தொழிலாளி எனக்குச் சொன்ன செய்திகளும் அதில் உள்ளன. நல்ல பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டுவதைப் போன்ற முயற்சிதான் அது. எனக்குப் பின் வருபவர் என் முடிவு தவறென்று கருதினால், பழைய சிலிண்டரை எடுத்துத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். அந்த உரிமையை அவருக்கு விட்டுச்செல்வதுதான் உடைமையாளனின் கடமை என்று கருதுகிறேன்.

பத்து ஆண்டுகள் நிறைந்த இந்த வட்டமும் தன் கூட்டக் குறிப்புகளை, அடித்தல் திருத்தல்களோடு, அப்படியே காத்துவைக்கட்டும் என வேண்டி அமைகிறேன்.