குடியை நிறுத்துவது கயிறா, மருந்தா?
(அச்சங்குளத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும், "குடிக்காதே, குடி கெடும்" என்று நாமும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவோம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பாட்டை உங்கள் வீட்டுப் பெண்மக்கள் தினந்தோறும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் குடி நின்றிருந்தால் நமக்கு இங்கே வேலையில்லை. சட்டத்தினாலாவது நின்றதா? பெரியார் அவர்கள் காங்கிரசிலிருந்த 1920-களின் தொடக்கத்தில், சேலம் தாதம்பட்டித் தோப்பிலிருந்த தமது 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் அவரே, சட்டத்தைக் கொண்டு குடியை ஒழிக்கப் பார்ப்பதைக் கண்டித்தார். 1937-இல் ஆச்சாரியார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1971-இல் கடை திறந்தது; பிறகு மூடியது; 1981-இல் மறுபடியும் திறந்தது. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடையில் உட்கார்ந்து விற்கிறது. கடை மூடிக்கிடந்த வருஷங்களில் குடி நின்றதா என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஆகவே நாம் இன்று பேசப் போவது வேறு சங்கதி. குடிப்பழக்கம் முற்றினால் அது வியாதி. தலையெழுத்துமல்ல, பூர்வஜென்ம வினையுமல்ல, வெறும் மனத்திடக் குறைவுமல்ல. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமே மதுவினால் வரும் மனக்கோளாறை மனநோயோடு சேர்த்துத்தான் சொல்லுகிறது. வியாதியென்றால் அதற்கு வைத்தியமுண்டா? உண்டு. ஆனால் நம் ஜனங்கள் வைத்தியரிடம் போவதற்கு முன் எங்கே போகிறார்கள்?

முதலில் கோவிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்ளுகிறார்கள். சாமிக்குப் பயந்து சிலர் சில நாள் நிறுத்துவதும் உண்மையே. ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன நடக்கிறது? கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது, முதலிரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றுவார்கள். உடனே என்ன சொல்லுகிறோம்? "கயிறு கட்டியவன் எதையோ மீறிவிட்டான், சாமி கோபித்துக்கொண்டது" என்றோ, "பேய் பிடித்தது" என்றோ சொல்லி வேப்பிலை அடிக்கிறோம். அது பேயல்ல, தோழர்களே! சாராயத்துக்குப் பழகிய மூளை அது திடீரென்று கிடைக்காமல் படுகிற பாடு. ஆஸ்பத்திரியில் தூக்க மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பிழைக்கிற ஆள், கோடாங்கியின் முன்னால் செத்துப் போகிறான். கயிற்றுக்காரனை இதற்கு யார் கேள்வி கேட்கிறார்கள்?

இரண்டாவது, "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியும் மாத்திரையும். தாய்மார்களை நாம் குற்றம் சொல்லவில்லை; அடியும் உதையும் பட்டவர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்? ஆனால் அதில் இருப்பது பல சமயம் டைசல்பிராம் என்ற மருந்து. ரப்பருக்குப் போடும் அதே இனத்து இரசாயனத்தைக் கையாண்ட அமெரிக்கத் தொழிலாளிகளுக்குச் சாராயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937-லேயே ஒரு டாக்டர் எழுதினார். 1948-இல் டென்மார்க்கில் ஹால்ட், ஜேக்கப்சன் என்ற இருவர் தாங்களே டைசல்பிராமைத் தின்று பார்த்து, அது குடிக்கு மருந்தாகும் என்றார்கள். இம்மருந்து உடம்பிலிருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் விழும். இருதயம் கெட்டவன் செத்தும் போவான். தானே அறிந்து சாப்பிடுகிறவன் குடிக்குப் பயப்படுவான். அறியாதவன் எதற்குப் பயப்படுவான்? மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்திலும் சாராயமிருப்பதால் அவையும் ஆகா. பொய் சொல்லிப் புகட்டினது மருந்தாகாது, விஷமாகும்.

இனி, குடியைக் குறைக்க உதவும் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையைக் கவனியுங்கள். குடித்தால் வாந்தி வரச் செய்வதல்ல இது. மூளையில் குடியினால் எழும் சுகத்தை மட்டுப்படுத்துவது. அமெரிக்க சர்க்கார் 1994-இல் குடி வைத்தியத்துக்கு இதை ஒப்புக்கொண்டது. வழக்கமாகத் தினம் 50 மில்லிகிராம். பின்லாந்தில் சின்க்ளேர் என்ற ஆராய்ச்சியாளர், குடிக்கப் போகும் நாளில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டால், ஆசை நாளாவட்டத்தில் தணியும் என்றார். எல்லோருக்கும் பலிப்பதில்லை; பலிப்பவர்களுக்கும் மெல்ல மெல்லத்தான். இதைச் சாப்பிட்டுவிட்டால் போதை ஏறாது என்று எண்ணி வண்டி ஓட்டினாலோ மருந்துச் சாமானைத் தொட்டாலோ அது முழு மடமை. ஈரல் முற்றும் கெட்டவனுக்கும், நிறுத்தினால் நடுங்குமளவு பழகியவனுக்கும் "குறைத்துக் குடி" என்ற பேச்சே பொருந்தாது. அவன் வைத்தியர் மேற்பார்வையில் அடியோடு நிறுத்த வேண்டியவன். அவனுக்கு அகாம்ப்ரோசேட் என்ற வேறொரு மாத்திரையுமுண்டு. அதற்கு மூத்திரக்காய் நன்றாயிருக்க வேண்டும்.

இந்த ஊரில் இதைத் தனியாகச் சொல்லக் காரணமிருக்கிறது. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்த அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டதை நீங்கள் மறக்கமாட்டீர்கள். அதைக் குடியின் தலையில் நாம் ஏற்றவில்லை. தொழிலாளியைக் குடிகாரனாக்கிவிட்டு முதலாளி தப்புகிற வழக்கம் நமக்குத் தெரியும். நாம் சொல்லுவது வேறு. தீக்காயத்தின் வலிக்கு டாக்டர்கள் கொடுப்பது மார்பின், டிராமடால் போன்ற அபினி இனத்து மருந்து. நால்ட்ரெக்சோன் அதே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் இரண்டு மூன்று நாள் வரை அந்த மருந்து வலியைச் சரியாகத் தணிக்காது. மூர்ச்சையாய்க் கிடப்பவன் இதை எப்படிச் சொல்லுவான்? ஆதலால் இம்மாத்திரை சாப்பிடுகிறவர் அதன் பெயரெழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டாருக்கும் கூட வேலை செய்பவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். வெட்கமெல்லாம் கடைவாசலில் நிற்கும்போது எங்கே போயிற்று? வலிக்காக டிராமடால் தின்று பழகியவர் அதை நிறுத்திப் பத்து நாளாவது ஆகாமல் இதைத் தொடவே கூடாது. ஆரம்பத்தில் குமட்டலும் கிறுகிறுப்பும் வரலாம். அந்த நாட்களில் மருந்து அடைக்கும் வேலைக்குப் போகாதீர்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதல்ல இது. ஈரல் சோதனை செய்து டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். விருதுநகரில் 2022 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாத்தூரிலும் சிவகாசியிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. போகக் கூச்சமானால் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசில்லை. 1980-இல் சென்னையில் குடி வைத்தியத்துக்கு நிலையம் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியினால் தம் கணவரை இழந்தவர். அவருடைய நிலையத்தார் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். கேட்டால் நம் கிராமத்துக்கும் வருவார்கள் டாக்டர்கள். கேட்பதற்குக் கூட்டமாய்ப் போக வேண்டும்.

நேரமாகிறது. சந்தேகமுள்ளவர்கள் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.