ஆலையும் ஆய்வகமும்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சென்றால் காரைக்குடி வரும். அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆலையும் ஆய்வகமும் அறிவைப் பகிர்ந்துகொண்டாலன்றி இரசாயனத் தொழில் மண்ணுக்கும் நீருக்கும் கேடின்றி வளராது என்பதை, அந்நிலையத்தின் பணி ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். சோப்பு, காகிதம், குடிநீர்த் தூய்மை யாவும் இவற்றை நாடுகின்றன. முன்னாளில் குளோரின் வெளிப்படும் மின்வாயைக் கிராஃபைட்டால் செய்தனர். அது நாளடைவில் தேயும், மின்வாய்களின் இடைவெளி அகலும், மின்சாரம் வீணாகும், தேய்ந்த துகள் கழிவாகும். டைட்டேனியத்தின்மேல் உலோக ஆக்சைடு பூசிய மின்வாயோ நெடுநாள் உழைக்கும். காரைக்குடி அறிஞர்கள் அதனை உள்நாட்டிலேயே உருவாக்கித் தொழில்துறையினர்க்கு அளித்தனர்.

ஆய்வகக் குவளையில் நிற்பது ஆலைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நிற்குமா? அதை ஆலைதான் கூற வல்லது. நில்லாவிடின், காரணத்தை ஆய்வகமே காண வல்லது. ஆகவே, குறையை மறைக்கலாகாது.

மறைத்தால் என்ன நேரும்? ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் பாதரச நோய் வெளிப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்பதை அவ்வாலையின் மருத்துவரே 1959-இல் பூனைச் சோதனையால் கண்டார். அம்முடிவை ஆலை மறைத்தது. கழிவோ 1968 வரை கடலில் கலந்தது.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் ஆலைக்கும் செல்லலாம், ஆய்வகத்துக்கும் செல்லலாம். எங்கிருப்பினும், மற்றதன் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.