புட்டி சொல்லும் பாடம்



1847-ம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் குரூக்சாங்க் என்ற ஓவியர் ‘புட்டி’ என்ற பெயரில் எட்டுப் படங்களை மலிவு விலையில் வெளியிட்டார். முதற் படத்தில் நிறைவான குடும்பம். கணவன் மனைவியை ஒரு சொட்டுக் குடிக்க அழைக்கிறான். அடுத்து வேலை போகிறது. துணிமணி அடகுக்குப் போகிறது. பிறகு ஜப்தி, பிச்சை, கடைக்குட்டியின் மரணம், ஓயாத சண்டை. ஏழாவதில் அதே புட்டியால் மனைவியைக் கொல்கிறான். எட்டாவதில் அவன் பைத்தியம்.

வரைந்தவர் குடியின் கொடுமையை அறிந்தவர். அவர் தந்தையே குடியால் மாண்டவர்.

ஆனால் அவர் நண்பர், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், 1848-ல் ஒரு குறை சொன்னார். வறுமையும், அறியாமையும், காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளும் அல்லவா மனிதனைக் குடிக்கத் தள்ளுகின்றன? அவற்றையும் காட்ட வேண்டாமா என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர் கூலி உயர்வையும் கேட்டனர். கள்ளுக்கடையை மூடவும் கேட்டனர்.

கூலிக்குச் சங்கம் போராடும். பெற்ற கூலியை வீடு சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.