மணிக்கட்டில் கட்டிய வேலி

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். கவிதை எப்பவாவது வரும். மற்றபடி நான் வங்கிக் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். 'நவீன நகரமும் கருவிகளும்' என்று தலைப்பு கொடுத்திருக்காங்க. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, அந்தக் கவுண்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதம் பிறந்து பத்து நாள் கழித்துக் காண்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர்கள் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். கைரேகை எந்திரத்தில் கட்டைவிரலை வைக்கச் சொல்வேன். எடுக்காது. துடைத்துட்டு வையுங்க என்பேன். அப்பவும் எடுக்காது. ப்ளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தின்ற விரல் அது. ரேகை தேய்ந்து, வழவழவென்று இருக்கும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அந்தம்மா என்னைப் பார்த்து, தப்பு செஞ்ச மாதிரி சிரிக்கும். இருபத்தைந்து வருஷம் இந்த ஊரைக் கூட்டியதற்கான அத்தாட்சி அந்த விரல்தான். ஆனால் அந்த விரலை வைத்துத் தான் யார் என்று நிரூபிக்க அதால் முடியவில்லை.

எங்க பெரியம்மாவும் அந்த வேலைதான். ஒரு நகராட்சியில், ஒப்பந்தக்காரருக்குக் கீழே. முன்பு மேஸ்திரி நோட்டில் பெயர் எழுதுவார். அதில் அவருக்குப் பங்கு போகும், அதை நான் மறைக்கவில்லை. நோட்டு போய்ச் செல்போன் வந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் வரிசையாக நிற்கவைத்து முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். ஒருநாள் இருட்டு, மழை வேறு. தலையில் சாக்கு போட்டிருந்த பெரியம்மாவின் முகம் போனுக்குத் தெரியவில்லை. வேலை முழுசா செய்தாச்சு, சம்பளத்தில் ஒருநாள் இல்லை. 'நோட்டு காலத்துல மேஸ்திரி கால்ல விழுந்து கேக்கலாம்டா தம்பி. இந்தப் போனுக்குக் காலு எங்கடா இருக்கு?' என்று கேட்டது பெரியம்மா. இதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை.

இப்ப நகரத்துக்கு வருவோம். 2015 ஜூனில் ஒன்றிய அரசு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தை அறிவித்தது. நூறு நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை என்று பதினொன்று. தமிழில் 'சீர்மிகு நகரம்' என்று பெயர் வைத்தார்கள். கவிதை எழுதுபவனுக்குச் சீர் என்றால் செய்யுளில் வருவது, இல்லையென்றால் கல்யாணத்தில் தட்டுத் தட்டாக வருவது. இந்தச் சீர் யார் வீட்டுக்குப் போனது என்பதுதான் கேள்வி. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. நூறு நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையம் என்று ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சுவர் நிறையத் திரை. கேமரா, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் இணையம் வழியாக அங்கே வந்து சேரும்.

கருவியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குப்பை லாரியில் ஜிபிஎஸ் இருந்தால், வராத லாரிக்கு நடை எழுதிப் பில் போடுகிற ஒப்பந்தக்காரர் மாட்டுவார். நல்லது. ஆனால் கருவி லாரியோடு நிற்கவில்லை. நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் ஆகிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். சண்டிகரில் 2020இல். கடிகாரத்துக்குள் ஒரு சிம்கார்டு. செயற்கைக்கோளை வைத்து ஆள் நிற்கும் இடத்தைக் கணித்து, அதைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதிகாரி திரையில் வரைபடத்தை விரித்து ஒரு கோடு போடுவார். இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவரைக்கும் நீ. கோட்டைத் தாண்டினால் பதிவாகும், சம்பளத்தில் பிடிக்கலாம். அந்தக் கோட்டுக்குத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜியோ ஃபென்ஸ்'. ஃபென்ஸ் என்றால் வேலி. பெயரை அவர்கள்தான் வைத்தார்கள், நான் வைக்கவில்லை.

ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டவர்களுக்கு இது புதுசு இல்லை. அந்தக் கோடு தரையில் இருந்தது. இது கையில் கட்டிய கோடு, கூடவே வரும். அந்தப் பெண்கள் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. கழிப்பறைக்கு எங்கே போவது? கோட்டுக்குள் கழிப்பறை இல்லையே. போனால் கடிகாரம் கூடவே வருகிறதே, இதில் கேமரா இருக்குமா, பேசுவது கேட்குமா? இதையெல்லாம் அந்தப் பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. ஃபூக்கோ படித்த நண்பர்கள், ஒருவனை எப்போதும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கப்படுகிறோம் என்று அவன் நினைத்தால் போதும் என்பார்கள். எங்க பெரியம்மாவுக்கு இது ஃபூக்கோ இல்லாமலே தெரியும். மேல்மாடி ஜன்னலில் யாராவது நிற்பார்களோ என்று பயந்து குனிந்தே கூட்டிய முதுகு அது.

மாநகராட்சி ஆணையர் மணிக்கட்டில் இந்தக் கடிகாரம் இல்லை. பொறியாளர் மணிக்கட்டில் இல்லை. எங்க வங்கி மேலாளர் மதியம் எங்கே போகிறார் என்று எந்தத் திரையிலும் புள்ளி ஓடாது. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்கிறவர்களை ஒன்றிய அரசே கணக்கெடுத்து 2024இல் சொன்னது: விவரம் திரட்டிய 38,000 பேரில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆக, கடிகாரம் யார் கையைத் தேடிப் போகும் என்று கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை.

இன்னொரு ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட். மழை பெய்தால் அங்கே சாக்கடை நிரம்பி ஆற்றில் கலந்துவிடும். பக்கத்திலிருந்த நோத்ர் டேம் பல்கலைக்கழக ஆட்களும் நகர நிர்வாகமும் சேர்ந்து, 2008 வாக்கில் தொடங்கி, நூறுக்கு மேற்பட்ட இடங்களில் சாக்கடைக் குழாய்க்குள் உணரிகளை வைத்தார்கள். எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு குழாய் நிறைந்தால், காலியாக உள்ள இன்னொன்றுக்குத் தானியங்கி வால்வு திருப்பிவிடும். ஆற்றில் வழிந்த கழிவுநீர் 70 விழுக்காடு குறைந்தது. அங்கே கருவியைச் சாக்கடைக்குள் வைத்தார்கள். இங்கே சாக்கடைக்காரன் கையில் கட்டினார்கள்.

எங்க பெரியப்பா மேன்ஹோலில் இறங்கினவர். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, கரப்பான் உயிரோடு ஓடுதா என்று பார்ப்பார். ஓடினால் இறங்கலாம். அவரிடம் இருந்த உணரி அந்தக் கரப்பான்தான். உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு, காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு ஆகிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாத்தம் போயிடுச்சு, நல்ல காத்து வந்துடுச்சு என்று நினைத்து இன்னும் கீழே இறங்குவான். ஆயிரம் பங்கு வந்தால் ஒன்றிரண்டு மூச்சுதான். முதல் ஆள் விழுவான், தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவான். செய்தித்தாளில் 'மூவர் பலி' என்று வருவது இப்படித்தான்.

இதை அளக்கும் கருவி ஒன்றும் ராக்கெட் இல்லை. உள்ளங்கை அளவு. விஷவாயு கூடினால் கூவும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், தரவேண்டிய பாதுகாப்புச் சாதனங்கள் பட்டியலிலேயே வாயு அளக்கும் கருவி இருக்கிறது. 2018இல் திருவனந்தபுரத்து இளைஞர்கள் மேன்ஹோலில் இறங்கும் எந்திரமே செய்து காட்டினார்கள். பேர் பண்டிகூட். தெலுங்குப் பந்திகொக்கு இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நம்ம பெருச்சாளிதான். ஆக, கருவி உண்டு, சட்டமும் உண்டு. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. 1993 முதல் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட கணக்கில் சாக்கடைச் சாவு அதிகம் உள்ள மாநிலம் எது? பெரியார் மண் என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, இதுதான். இருநூறுக்கு மேல்.

ஆள் வேலைக்கு வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு டெண்டர் உடனே போகிறது. ஆள் சாகப்போகிறான் என்பதைக் கண்டுபிடிக்கும் கருவி பட்டியலிலேயே கிடக்கிறது. வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. ஒன்று கூலியைப் பிடித்துக் காசு மிச்சம் பிடிக்கும், இன்னொன்று செலவு.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். நானும் ஒருநாள் போய் நின்றேன். உள்ளே, நகரத்தைத் திரையில் பார்க்கிற மையம். வெளியே நடைபாதையில், மழையில், நகரத்தைக் கூட்டுகிறவர்கள். பதின்மூன்று நாள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. எல்லாவற்றையும் பார்க்கிற அந்தத் திரையில் வாசல் தெரிந்திருக்காதா என்ன?

பேசிக்கொண்டே போகலாம். கேள்வி நேரம் வேண்டும் என்கிறார்கள். ஒரு வேலை மட்டும் சொல்லிவிடுகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் எங்க ஊர் நகராட்சிக்கு ஒரு மனு போட்டேன். கேள்வி மூன்றுதான். வருகைப்பதிவுக் கருவிக்கு இதுவரை எவ்வளவு செலவு? வாயு அளக்கும் கருவி எத்தனை வாங்கினீர்கள், இப்போது எங்கே இருக்கிறது? ஒப்பந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தில் பாதுகாப்புச் சாதனம் தருவது யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு ரூபாய் பைசா சுத்தமாகப் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் 'தகவல் இல்லை'. மேல்முறையீடு செய்திருக்கிறேன். மனுவின் நகல் இருபது எடுத்து வந்திருக்கிறேன், அந்த மேசையில் இருக்கு. ஊர்ப் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.