உகுலேலேக்கு ஒரு மந்தர பஞ்சமம்



நவராத்திரி வந்தால் எங்கள் ஆரியசாலைக்கு ஒரு விருந்தாளி வருவார். வேளிமலைக் குமாரசுவாமி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி யானைமேல் புறப்பட, கூடவே சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் பல்லக்கில் வருவார்கள். திருவனந்தபுரம் சேர்ந்ததும் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டைக் கோவில், முருகனுக்கு எங்கள் ஆரியசாலை தேவி கோவில். சாலைக் கடைவீதியின் மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே வாழ்கிற எங்களுக்கு அந்த நாட்களில் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும்.

நவராத்திரி மண்டபத்தில் மாலைதோறும் கச்சேரி. சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று. அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. தேவியின் முன்னால் பாடுவது வழிபாடு என்பதால் பாட்டு முடிந்தால் மௌனம்தான். முதல் நாள் கீர்த்தனை சங்கராபரணத்தில். அந்தச் சங்கராபரணத்திலிருந்துதான் இன்றைய பேச்சும் தொடங்குகிறது.

என் தம்பி மகள் ஒரு உகுலேலே வாங்கியிருந்தாள். நான்கு தந்தி உள்ள, கையடக்கமான கிடார் போன்ற வாத்தியம். பள்ளி விட்டு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த சங்கராபரணத்தை அதில் தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து கேட்டாள்: "அத்தே, உங்க வீணை மாதிரி இதுல கனமா சத்தம் வராதா? எல்லாம் மேலேயே நிக்குது."

அவள் ஒரே மூச்சில் கேட்டது இரண்டு கேள்வி. சத்தம் கனமாக, கனிவாக இருப்பது ஒன்று. கீழே இறங்குவது இன்னொன்று. தந்தி மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கடையில் இருப்பதிலேயே தடித்ததைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஏமாறுகிறார்கள்.

கீழே இறங்குவதை முதலில் பார்ப்போம். உகுலேலேயின் வழக்கமான சுருதியை நம் கணக்கில் சொல்கிறேன். ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அதன் நான்கு தந்திகளும் ப, ஸ, க, த. பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். நான்குமே சங்கராபரணத்துச் சுரங்கள். ஆனால் அந்தப் பஞ்சமம் மத்திய ஸ்தாயிப் பஞ்சமம்! வரிசையில் முதலில் நிற்கிற தந்தி ஷட்ஜத்தையும் காந்தாரத்தையும் விட மேலே ஒலிக்கிறது. மேல்நாட்டு வாத்தியம் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம், தம்பூராவோடு வளர்ந்த நமக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. தம்பூராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, கடைசியில் மந்தரம் என்று தந்திகள் ஏறி இறங்கித்தானே நிற்கின்றன.

பஞ்சமம் மேலே நிற்பதன் விளைவு என்ன? அந்த வாத்தியத்தில் ஷட்ஜத்துக்குக் கீழே ஒரு சுரமும் கிடையாது. நி, த, ப என்று மந்தரத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில் குழந்தை மேலே தாவ வேண்டியிருக்கிறது. சங்கராபரணம் போன்ற ராகத்துக்கு அது பெரிய இழப்பு. "எல்லாம் மேலேயே நிக்குது" என்று அவள் சொன்னது காதால் கண்டுபிடித்த உண்மை.

இதற்கு மருந்து ஒரே ஒரு தந்தி. வரிசையில் முதலில் நிற்கிற அந்தப் பஞ்சமத் தந்தியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பஞ்சமத் தந்தியைப் போடுவது. கடையில் 'லோ ஜி' என்று கேட்டால் கொடுப்பார்கள். விநாடிக்கு 392 முறை அதிர்ந்த இடத்தில் இப்போது 196 முறை. ஷட்ஜத்துக்குக் கீழே மந்தர நிஷாதமும் தைவதமும் பஞ்சமமும் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

இனி கனிவு. அதற்கு என் வீணையை உறையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. ஏன் அப்படி வைத்தார்கள்? பித்தளை எஃகைவிடச் சற்றே கனமானது, ஆனால் விறைப்பு ஏறக்குறைய பாதிதான். கீழ்ச் சுரத்துக்குத் தந்தி தடிக்க வேண்டும். தடித்த எஃகு கம்பி விறைத்து நிற்கும், தடித்த பித்தளை வளைந்து கொடுக்கும். இப்போது பலர் மந்தரத்துக்குச் சுற்றுக் கம்பி போடுகிறார்கள். அதிலும் இதே யுக்திதான். உள்ளே மெல்லிய கம்பி இருப்பதால் விறைப்பு குறைவு, வெளியே சுற்றியிருப்பதால் கனம் கூடுதல்.

பிரான்ஸ் நாட்டு மெர்சென் என்ற பாதிரியார் 1636இல் இந்தக் கணக்கை எழுதி வைத்தார். தந்தியின் நீளம், இழுப்பு, கனம் ஆகிய மூன்றும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன. நீளமும் இழுப்பும் மாறாமல் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் கனம் நான்கு மடங்காக வேண்டும். அதே பொருளில் செய்தால் தந்தி இரண்டு மடங்கு தடித்திருக்க வேண்டும். நான்கடி வீணையில் இதற்கு இடம் இருக்கிறது. ஒலிக்கும் நீளம் 15 அங்குலமே உள்ள உகுலேலேயில் எல்லாமே நெருக்கடி.

சரி, கனிவு எங்கிருந்து வருகிறது? ஒரு தந்தி ஒருபோதும் ஒரே சுரத்தைப் பாடுவதில்லை. தம்பூராவை நன்றாகச் சேர்த்து, நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி ஜீவா பிடித்ததும், மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் எழும்புமே, சுயம்பு காந்தாரம், அதைக் கேட்டிருப்பீர்கள். மந்தர ஷட்ஜத்தின் ஐந்து மடங்கு வேகத்தில் அதிர்கிற மேற்சுரம் அது. இப்படி ஒவ்வொரு தந்தியிலும் ஏணிப்படிபோல மேற்சுரங்கள் உண்டு. அவை நிறைய நின்றால் சத்தம் பளிச்சென்று இருக்கும், சில நேரம் கூச்சலாகவும் இருக்கும். சீக்கிரம் அடங்கிவிட்டால் சத்தம் உருண்டு, இளஞ்சூட்டுப் பால்போல இறங்கும். கனிவு என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே கனிவுக்கு நாம் தேட வேண்டியது, மேற்சுரங்களை அடக்குகிற பொருள்.

ஆதியில் ஆட்டுக்குடலைத் திரித்துத் தந்தி செய்தார்கள். பழந்தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர். சுரத்துக்கும் நரம்பு என்றே பெயர். தந்தியையும் அதில் பிறக்கும் ஒலியையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி நம்முடையது என்பதில் எனக்குப் பெரிய நெகிழ்ச்சி உண்டு. போர்ச்சுகல் நாட்டு மடெய்ரா தீவிலிருந்து 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குப் போன தச்சர்கள், தங்கள் ஊர் வாத்தியத்தை ஒட்டிச் செய்த உகுலேலேயிலும் குடல் நரம்புதான் கட்டினார்கள். ஹவாய் மொழியில் அந்தப் பெயருக்குத் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் அறுவைத் தையலுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு நைலான் வந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது நல்லதாகவே போயிற்று. குடல் நரம்பு ஈரம் குடித்துச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், துலாவருஷ மழையில் அதைக் கட்டி மேய்க்க முடியாது.

இன்று கடையில் கிடைப்பவை முக்கியமாக மூன்று வகை. நைலான், புளோரோகார்பன், இத்தாலியின் அக்விலா நிறுவனம் செய்கிற நைல்கட். புளோரோகார்பன் தூண்டிலுக்கும் பயன்படுகிற பொருள். கடலோரத்தில் தங்கூசி என்று சொல்வோமே, அதன் நெருங்கிய உறவு. கனசென்டிமீட்டருக்கு நைலான் ஏறக்குறைய 1.1 கிராம், குடல் நரம்பும் அதைப் போலவே செய்த நைல்கட்டும் 1.3, புளோரோகார்பன் 1.8. ஒரே சுருதி, ஒரே இழுப்பு என்றால் கனமான பொருளில் தந்தி மெல்லியதாக இருந்தால் போதும். நைலான் தந்தியோ புளோரோகார்பனைவிடக் கால் பங்கு தடித்திருக்க வேண்டும். தடிமனோடு, நைலானுக்கு உள்ளேயே ஒரு மந்தம் உண்டு. மேற்சுரங்களின் வேகமான அதிர்வை அது தனக்குள் விழுங்கிவிடும். அதனால் கனிவு வேண்டுமானால் நைலான், துலக்கம் வேண்டுமானால் புளோரோகார்பன், நடுவே நைல்கட் என்று பொதுவாகச் சொல்லலாம்.

பொதுவாகத்தான். நாங்கள் முதலில் நான்கும் நைலான் போட்டோம். காந்தாரமும் தைவதமும் அருமையாகக் கனிந்தன, விரல் சதையில் தொட்டால் சத்தம் அப்படியே பூத்தது. ஆனால் ஷட்ஜத் தந்தி, நான்கில் மிகத் தடித்தது, பானையைத் தட்டினாற்போல 'டொப்' என்று விழுந்தது. கார்வையே இல்லை. ஷட்ஜத்தில் கார்வை இல்லாமல் ராகம் எங்கே நிற்கும்? தடிமன் ஒரு அளவைத் தாண்டினால் கனிவு மந்தமாகிவிடும் என்பதை அன்று என் காது கற்றுக்கொண்டது. ஷட்ஜத்துக்கு மட்டும் புளோரோகார்பன் மாற்றினோம். குரல் திரும்பி வந்தது. ஒரே பொருளில் நான்கு தந்தி என்பது கடைக்காரருக்கு வசதி. வீணையில் எஃகும் பித்தளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாழவில்லையா?

மந்தர பஞ்சமத்துக்குச் சுற்றுத் தந்தி வாங்கினோம். அதில் கார்வை நீளம். ஆனால் விரல் வழுக்கும்போது 'கீச்' என்ற ஓசை வரும், மற்ற மூன்று தந்திகளைவிடக் கொஞ்சம் மினுங்கும். மேலே பூசிய உலோகம் நம் வியர்வையிலும் கடல் காற்றிலும் கறுக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும். சுற்று இல்லாத தடித்த தந்தியும் உண்டு. கனிவு மட்டுமே குறி என்றால் அது மேல். என் தம்பி மகளுக்கு நின்று ஒலிக்கிற சுரம் வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் வெட்டு மெல்லிய தந்திக்காகச் செய்தது. தடித்தது அதில் இறங்காமல் மேலே நின்றால் முதல் மெட்டுகளில் சுருதி ஏறிவிடும். கைதேர்ந்தவரிடம் கொடுத்து அரத்தால் சிறிது அகலப்படுத்த வேண்டும். அடுத்தது, யார் சொன்னாலும் உகுலேலேயில் எஃகுத் தந்தி போடாதீர்கள். அந்தச் சின்னப் பலகை அவ்வளவு இழுப்பைத் தாங்காது, குதிரை பெயர்ந்துவிடும். மிகச் சிறிய சொப்ரானோ வகையில், 13 அங்குல நீளத்தில், மந்தர பஞ்சமத் தந்தி தொளதொளவென்று இருக்கும். அதைவிடப் பெரிய கான்சர்ட்டோ, 17 அங்குல டெனரோ இருந்தால்தான் இந்த மாற்றம் பலன் தரும்.

மீட்டும் இடம் செலவில்லாத மருந்து. குதிரைக்கு அருகே மீட்டினால் மேற்சுரங்கள் பொங்கும், தந்தியின் நடுப்பகுதியை நோக்கி நகர நகர அவை அடங்கும். நகத்தைவிட விரல் சதை கனிவு. என் வீணை டீச்சர் "இங்கே தொடு, இங்கே" என்று என் விரலைப் பிடித்துக் குடத்தின் மேல் நகர்த்தியதைப் போலவே அவள் விரலை நான் நகர்த்தினேன். தந்தி மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்து பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடலாம்.

புதுத் தந்தியை நவராத்திரி முதல் நாள் கட்டினோம். நைலான் பல நாள் நீண்டுகொண்டே இருக்கும். கட்டிய அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கியது. மூன்றாம் நாள் மணிக்கு ஒருமுறை. துர்காஷ்டமி மாலை பூஜை வைத்தபோது வீணைக்குப் பக்கத்தில் உகுலேலேயையும் பட்டுத் துணி மேல் வைத்தாள். வைப்பதற்கு முன் தம்பூராவோடு சேர்த்து ஒவ்வொரு தந்தியாக நிறுத்திவிட்டுத்தான் வைத்தாள். அதன் பிறகு யாரும் தொடக் கூடாது.

விஜயதசமி, குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளும் நாள். கோவில் பக்கம் மேளம் கேட்கத் தொடங்கியிருந்தது. அவள் குளித்து வந்து, உகுலேலேயை மடியில் வைத்து, முதலில் மந்தர பஞ்சமத்தைத் தொட்டாள். நான் தம்பூராவை மீட்டினேன். மயிரிழை இறங்கியிருந்தது. பிருடையைக் கால் சுற்றுகூடத் திருப்பவில்லை, சேர்ந்துவிட்டது. ஸ, நி, த, ப என்று இறங்கி, அந்தப் பஞ்சமத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தாள்.