படிக்குப் படி மஞ்சள்



"நோய் தீர்ந்தால் நடந்தே மலைக்கு வருகிறேன்" என்று திருப்பதி ஏழுமலையானுக்கு வேண்டிக்கொள்வோர் பலர். அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் அத்தனை படியும் ஏறுவது பெரிய சாதனை. பெண்கள் சிலர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இடுவார்கள். கடைசிப் படிக்கு மட்டும் அல்ல!

காசநோயிலிருந்து தேறுவதும் இப்படித்தான். படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் இருக்கிறது. 1912இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அங்கேதான் வளர்ந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு, இவையே முக்கிய வைத்தியம். நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

இன்று மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் சாப்பிட வேண்டும். 2 மாதத்தில் இருமல் குறைந்துவிடும். "குணமாகிவிட்டது" என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அது பாதி மலை. உள்ளே கிருமி மிச்சம் இருக்கும். நோய் திரும்பி வரும். பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

ஆகவே வழியில் உள்ள ஒவ்வொரு படியையும் கொண்டாடுங்கள். இன்று வாசல் வரை நடந்தாரா? எடை 1 கிலோ கூடியதா? ஒரு மாத மருந்து முடிந்ததா? காலண்டரில் அந்தத் தேதியில் எழுதுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே! சோர்ந்த நாளில் அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மருந்து முடியட்டும். சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வரட்டும். பிறகு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு மலை ஏறுங்கள்.