டபுள் ஷாக்கர் சைக்கிள் வாங்கலாமா?

(குடியிருப்போர் காலாண்டுக் கூட்டத்தில் ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சைக்கிளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். லிஃப்டில் என் வண்டியைப் பார்த்து நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கேயே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். “டபுள் ஷாக்கர்தான் வேண்டும்” என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும் வீடுகளுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன்.

முதல் கேள்வி, விலை. ஒரு புது ஸ்கூட்டரின் விலையைத் தாண்டும். ஆகவே எல்லோரும் இதை வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாறையும் வேருமாக இருக்கும் தோட்டத்துப் பாதைகளில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, வாரம் ஒருமுறை ஓட்டுகிறேன். அதற்குத்தான் இது. அவிநாசி சாலையில் இதற்கு வேலையே இல்லை. அங்கே சாதாரண சைக்கிள் என்னை எளிதாக முந்திப் போகும்.

இரண்டாவது, ஷாக் அப்சார்பர். பலர் அதை வெறும் ஸ்பிரிங் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அடியை வாங்கும், ஆனால் வாங்கிய வேகத்திலேயே திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குவது டேம்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் போய்வருவதால் வேகம் குறைகிறது. உங்கள் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் இருப்பது இதே ஏற்பாடுதான். என் வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று. ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அந்தக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். நான் ஏறி உட்கார்ந்தால் பின் ஷாக் தன் மொத்த நகர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்கவேண்டும். பார்க்கிங்கில் ரப்பர் வளையத்தை நகர்த்தி நான் அளந்துகொண்டிருப்பது அதைத்தான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டபுள் ஷாக்கர்களில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டுமே உண்டு. டேம்பர் கிடையாது. பிள்ளை பெடலை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் குதிக்கிறது. மிதித்த பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. எங்கள் தளத்துப் பையனின் வண்டியை எடை போட்டோம். 18 கிலோ. பையன் 36 கிலோ. தன் எடையில் பாதியை மிதித்துக்கொண்டுதான் அவன் டியூஷனுக்குப் போய்வருகிறான். சைக்கிள் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஓரம் கட்டினால், பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். சீட்டை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் நல்லது. பந்து மாதிரி துள்ளினால் வேண்டாம். அடுத்து, பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் இணைப்பில் லூஸ் இருக்கிறது. அதே பணத்துக்கு ஷாக் இல்லாத சாதாரண சைக்கிள் வாங்கினால் எடை குறையும், பிரேக்கும் டயரும் தரமாகக் கிடைக்கும், ரிப்பேரும் குறைவு.

மூன்றாவது, “இவ்வளவு பணம் கொடுத்து ஏன் ஸ்டீல்? அலுமினியம்தானே லேசு?” என்று கேட்கிறீர்கள். அலுமினியத்தைவிட ஸ்டீல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், உண்மைதான். ஆனால் விறைப்பும் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் ஒல்லியான, மெல்லிய குழாய் போதும். இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்கு பர்மிங்ஹாமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் 1897-இலேயே காப்புரிமை பெற்றார். அந்த நிறுவனம் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வசம் போனது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் முருகப்பா குடும்பத்தாருடன் சேர்ந்து 1949-இல் தொடங்கியதுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். உங்கள் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கே செய்ததுதான். இன்றும் பிரிட்டனில் ஸ்டார்லிங், காட்டிக் போன்ற சிறு நிறுவனங்கள் ஸ்டீலில் டபுள் சஸ்பென்ஷன் வண்டி செய்கின்றன.

ஸ்டீலின் பெரிய நன்மை, பழுது பார்க்கலாம் என்பது. விரிசல் விட்டால் கைதேர்ந்தவர் பற்றவைத்துச் சரிசெய்ய முடியும். ஆனால் கேட் வெல்டிங் செய்யும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல பிரேமில் குழாயின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். ஓட்டை விழுந்துவிடும்.

எதிரி துரு. அது வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே தொடங்கிவிடும். மழைத் தண்ணீர் சீட் கம்பி வழியாக இறங்கி அடியில் தேங்கும். மழையில் நனைந்தால் சீட் கம்பியைக் கழற்றுங்கள், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிடுங்கள், கம்பியில் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். பத்து நிமிட வேலை. இது எல்லா ஸ்டீல் சைக்கிளுக்கும் பொருந்தும். கார் கழுவும் பிரஷர் பம்பைச் சைக்கிள் பக்கம் கொண்டுவராதீர்கள். பேரிங்கில் இருக்கும் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போய்விடும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்.

கடைசியாக ஒரு விஷயம். நம் பேஸ்மென்ட்டில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். காந்தம் ஒட்டினால் பிரேம் ஸ்டீல். குழாய்கள் சேரும் இடத்தில் விரிசலோ துரு தின்ற ஓட்டையோ இல்லை என்றால் அந்த வண்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பெரும்பாலும் டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றினால் ஓடும். உங்களுக்கு வேண்டாம் என்றால், நம் வளாகத்தில் வேலை செய்யும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

வரும் ஞாயிறு காலை 7 முதல் 9 மணி வரை ‘பி’ பிளாக் குழாயடியில் இருப்பேன். காற்றடிக்கும் பம்ப், செயின் எண்ணெய், ஸ்பேனர் எல்லாம் என்னிடம் உண்டு. பழைய துணியை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துவாருங்கள், பஞ்சர் ஒட்டச் சொல்லித்தருகிறேன்.